ஐந்து பேருக்கு ஒரு கை

நெவேனா தன் அப்பாவின் இறப்பு அறிவிப்பை கம்பெனியின் இரும்புக் கதவில் ஒட்டிப் பாதி தேய்த்திருந்தபோது காவலாளி பெனோ கூண்டைவிட்டு ஓடிவந்தார்.

"இங்க ஒட்டாத கண்ணு. வேண்டாம்."

"ஏன்? இந்தக் கதவுல யாரை ஒட்டல?"

அவள் கேட்டது நியாயம்தான். ஊரில் ஒருவர் போனால் வீட்டு வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் வேலை பார்த்த இடத்திலும் தாள் ஒட்ட வேண்டும். போன வாரம் செத்த லாரி டிரைவர், கோடையில் செத்த சமையற்காரம்மாள், முதலாளி கரஜோவின் மாமியாருக்கு ஓராண்டு நினைவு என்று அத்தனை பேரும் அந்தக் கதவில் கறுப்புக் கட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரங்கேல் சாகரோவ் இந்தக் குழாய் வேலைக் கம்பெனியில் பதினோரு வருஷம் வெல்டராக இருந்தவர். செவ்வாய்க்கிழமை ஊர்க்கோடியில் இருக்கும் காய்கறி பதப்படுத்தும் ஆலையில், கம்பெனி புதிதாகப் போட்ட நீராவிக் குழாய் வெடித்தது. அந்த இடத்திலேயே அவர் போய்விட்டார். இன்று வியாழன். நாளை மதியம் அடக்கம்.

"ஒட்டறதுல தப்பில்லம்மா. எழுதியிருக்கியே, அது..." பெனோ தாளைத் தொடாமல் விரலால் காட்டினார்.

இப்படிப் போனவர்களுக்கென்று ஒரு வாசகம் உண்டு. 'துயரமான விபத்தில் நம்மைப் பிரிந்தார்.' அச்சுக்கடைப் பெண் அதைத்தான் அடித்து வைத்திருந்தாள். நெவேனா அதை அழிக்கச் சொல்லிவிட்டு, 'வேலையிடத்தில் கொல்லப்பட்டார்' என்று போடச் சொன்னாள். அந்தப் பெண் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடித்தாள்.

"வேற வார்த்தை போட்டு எடுத்துட்டு வா. நானே என் கையால ஒட்டறேன்," என்றார் பெனோ.

"என்ன வார்த்தை போடணும்? குழாய்க்குக் கோபம் வந்துடுச்சுன்னா?"

பெனோ திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உள்ள ஒரு பேச்சு ஓடுது. விட்டுப்போன ஜாயின்ட் உங்கப்பா போட்டதுதானாம். நான் சொல்லல. சொல்லிக்கிறாங்க."

அப்பா போட்ட ஜாயின்ட் ஒன்று விட்டுப்போய் அவள் பிறந்து முப்பத்துநாலு வருஷத்தில் பார்த்ததில்லை. செத்த மனிதன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்றால் எதையும் அவன் தலையில் கட்டலாம் போலிருக்கிறது. அவள் தாளை உரித்து எடுத்தாள். ஈரத்தோடு நாலு அடி தள்ளிப்போய்க் கதவை ஒட்டி நின்ற மின்கம்பத்தில் ஒட்டினாள்.

"கம்பமும் உங்க முதலாளியோடதா?"

"இல்ல, கரண்ட்டு ஆபீஸுது."

"அப்போ அவங்க வந்து கேக்கட்டும்."

அவள் தெருமுனை திரும்பும்போது அவர் கம்பத்தருகில் நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டில் முன்னறையில் பெட்டி இருந்தது. மூடிய பெட்டி. சாவு வீட்டில் பெட்டியைத் திறந்து வைத்து வருகிறவர்கள் நெற்றியில் முத்தமிட்டுப் போவது ஊர் வழக்கம். நீராவி முகத்தில் அடித்தவருக்கு அது முடியாது என்று பிணவறையிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் வந்தவர்களெல்லாம் மரத்தை முத்தமிட்டார்கள். அம்மா எலெங்கா தலைமாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் நகர்ந்ததும் கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைத்தாள். அடுக்களையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் அடக்கத்துக்கான கோதுமையை அவித்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் மாதம், ஊரே சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் அந்த வாசனை உள்ளே வந்தது.

பதினொரு மணிக்கு கரஜோவ் வந்தார். கம்பெனிக்கு முதலாளியும் அவரே, இன்ஜினியரும் அவரே. சாவுக்கு ஏற்றபடி இரட்டைப்படையில் எண்ணி வாங்கிய வெள்ளைப் பூக்கள் ஒரு கையில், நீலக் கோப்பு ஒன்று மறு அக்குளில். பெட்டியை முத்தமிட்டார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். நெவேனாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பொய்யாக அழுதிருந்தால் வெளியே போ என்று சொல்லியிருப்பாள்.

"எலெங்காம்மா, ரங்கேல் அண்ணன் பேருல ஊருல எவனோ கண்டதையும் பேசறான். நீங்க நம்பாதீங்க. வெடிச்சது அண்ணன் போட்ட ஜாயின்ட் இல்ல. அதுல மூணாம் நம்பர் முத்திரை இருக்கு. மூணு வெலினோட நம்பர்."

அம்மா நிமிர்ந்தாள். "நம்ம வெலினா?"

வெலின் வெளி ஆளில்லை. அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கம் நின்று மோதிரம் மாற்றிவைத்த ஞானத்தகப்பன் ரங்கேல்தான். அந்த உறவு ரத்தத்தைவிடக் கெட்டி. ஞானத்தகப்பனிடம் பிள்ளை எதையும் கேட்கலாம், அவர் மறுக்கக் கூடாது.

"அவன் மேலயும் தப்பில்லம்மா," என்றார் கரஜோவ். "யார் மேலயும் தப்பில்ல. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குத் தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வராங்க. எல்லாம் தயாரா இருக்கு. அண்ணனுக்கு முன்னாடியே இருந்தது. என்கிட்ட வேலை செய்யற மத்த அஞ்சு பேருக்கும் சர்டிபிகேட் இருக்கு. போன மார்ச்சுல நகரத்துக்குக் கூட்டிட்டுப் போய், ஆளுக்கு ஒரு குழாய்த் துண்டு வெல்டிங் பண்ண வச்சு, எக்ஸ்ரே எடுத்து, வளைச்சுப் பாத்துக் குடுத்தது. பேப்பர் சுத்தம். இரும்புன்னா சமயத்துல இப்படித்தான். குடும்பத்துக்கு யார் மேலயும் புகார் இல்லன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டா இன்ஸ்பெக்டருக்கும் சுலபம், உங்களையும் அலைக்கழிக்க மாட்டாங்க."

பேப்பர் சுத்தம். இந்த நாட்டில் எந்த அயோக்கியத்தனமும் அதில் குளித்துவிட்டுத்தான் வந்து நிற்கிறது.

அம்மா பேனாவை வாங்கிவிட்டாள். அவளுக்கு இருந்த ஒரே கவலை தீர்ந்துவிட்டது, புருஷன் பெயரில் பழி இல்லை. "கொஞ்சம் இரும்மா," என்று நெவேனா கோப்பை வாங்கிப் புரட்டினாள். சும்மாதான் புரட்டினாள். வெலின் வெல்டிங் செய்கிற லட்சணத்தை அப்பா சாப்பாட்டு மேஜையில் சொல்லக் கேட்டிருக்கிறாள். மென்று துப்பினது மாதிரி இருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் போகணும் அவனுக்கு என்பார். அவனுக்கு எப்படி இந்தச் சான்றிதழ் கிடைத்தது என்பதுதான் அவள் சந்தேகம்.

ஐந்து பக்கம், ஐந்து பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் தேர்வில் செய்த குழாய்த் துண்டின் படம் பெரிதாக இருந்தது. நெவேனா இரண்டாவது பக்கத்தில் நின்றாள். மூன்றாவதைப் பார்த்தாள். மறுபடி முதலுக்கு வந்தாள்.

அப்பா ஒரு ஜாயின்ட்டை முடிக்கும்போது வெல்டிங் ராடைச் சட்டென்று எடுக்கமாட்டார். ஒரு விரலளவு பின்னால் இழுத்து, கடைசியில் விழும் குழியை நிரப்பிவிட்டுத்தான் எடுப்பார். குழி விட்டால் விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும் என்பார். அந்த இடத்தில் அரைநகம் போல ஒரு தழும்பு விழும். நல்ல வெல்டர் யாராக இருந்தாலும் குழியை நிரப்புவார். ஆனால் அப்பாவுக்கு இடது கை. மற்றவர்கள் போகிற திசைக்கு எதிர்த்திசையில் அவர் போவார், அலையலையான வரிகள் எதிர்ப்பக்கம் சாயும், தழும்பும் எதிர்ப்பக்கம் பார்க்கும். முற்றத்துத் திராட்சைப் பந்தல், வாசற்கதவு, அவளுடைய முதல் சைக்கிளின் உடைந்த கழுத்து என்று எல்லாவற்றிலும் அது உண்டு. தொட்டுத் தொட்டு எண்ணி விளையாடியவள் அவள்.

ஐந்து படத்திலும் அது இருந்தது.

"அம்மா, வெலின் எந்தக் கையில வேலை செய்வான்?"

"எல்லாரையும் போல வலது கைதான். ஏன்?"

நெவேனா கரஜோவைப் பார்த்தாள். அவர் முகத்தில் இருந்த அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. கோப்பை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"வெளிய வா நெவேனா, ஒரு நிமிஷம்."

முற்றத்தில் அவர் சிகரெட் பற்றவைத்தார். "நீ புத்திசாலிப் பொண்ணு. பேசறதுக்கு முன்னாடி யோசி. அப்படி ஒண்ணு நடந்திருந்தா... நடந்துச்சுன்னு நான் சொல்லல, நடந்திருந்தா... அங்க போய் அடுத்தவன் பேருல உக்காந்தவன் யாரு? நானா? அந்த அஞ்சு பேருமா? பேப்பர்ல முதல் வரியில யார் பேரு வரும்?"

"கூட்டிட்டுப் போனது யாரு?"

"வண்டி ஓட்டினது நான். வண்டி ஓட்டறது குத்தம்னா டிரைவரெல்லாம் ஜெயில்லதான் இருக்கணும்." சிகரெட்டைப் பாதியில் மிதித்தார். "அம்மா நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அண்ணனை மரியாதையா அடக்கம் பண்ணுவோம். ஊரே வரும்."

அவர் போனபின் நெவேனா பந்தலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நேரம் கரஜோவ் மேல் இருந்த ஆத்திரம் இப்போது உள்ளே, பெட்டிக்குள் கிடக்கிற ஆள்மேல் திரும்பியது. நீ ஏன்பா போனாய்? ஐந்து தடவை. ஒருவனுக்கு இரக்கப்பட்டாய் என்றால் சரி. ஐந்து பேருக்குமா?

சாயங்காலம் ஆறு மணிக்கு வெலின் வந்தான். உள்ளே வரவில்லை. வாசற்கதவுக்கு வெளியிலேயே, வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். வலது முன்னங்கையில் கட்டுப் போட்டிருந்தான். வயது இருபத்தொன்பது. முகம் அதற்குமேல் பத்து வருஷம் சேர்த்துக் காட்டியது.

"உள்ள வாடா."

"வேண்டாங்கா."

"உன் குழாய்த் துண்டை யார் போட்டது?"

அவன் தரையைப் பார்த்தான். கேள்வி அவனை ஆச்சரியப்படுத்தவில்லை. யாராவது கேட்கட்டும் என்று மூன்று நாளாகக் காத்திருந்தவன் போல உடனே பேச ஆரம்பித்தான்.

"நான்தாங்கா கெஞ்சினேன். திங்கட்கிழமைக்குள்ள அஞ்சு சர்டிபிகேட் வேணும், இல்லன்னா ஆலை வேலை கைவிட்டுப் போயிடும், உங்களையெல்லாம் அனுப்பிடுவேன்னு முதலாளி சொன்னாரு. வீட்ல கைக்குழந்தை. மொத நாளே போட்டுப் பார்த்தேன், குழாய்க்கு அடிப்பக்கம் வரவே இல்ல, ஒழுகுது. ஞானத்தகப்பன் கால்ல விழுந்தேன். முடியாதுன்னுதான் சொன்னாரு. அப்புறம் என் பொண்டாட்டி குழந்தையைத் தூக்கிட்டு வந்து நின்னா."

"மத்த நாலு பேரு?"

"எனக்குப் போட்டதைப் பார்த்ததும் அவங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. முதலாளி பக்கத்துலதான் நின்னாரு. தேர்வு எடுக்கிறவர் காபி குடிக்கப் போனாரு, திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆச்சு. முகக்கவசத்தை இறக்கிட்டா உள்ள யாருன்னு யாருக்குத் தெரியும்? துண்டை மாத்தி மாத்தி வச்சாங்க. ஞானத்தகப்பன் நிமிரவே இல்ல. முடிச்சிட்டு வண்டில வரும்போது யார்கிட்டயும் பேசல. இறங்கும்போது மட்டும் என்கிட்ட சொன்னாரு. 'சனிக்கிழமை சனிக்கிழமை வா. இந்தக் காகிதத்தை நிஜமாக்கணும்'னு."

"போனியா?"

"ஒரு வாரம் விடலைங்கா. தட்டையா வச்சுப் போட்டா இப்ப நல்லா வருது. நிறுத்தி வச்சுப் போட்டாலும் வருது. தலைக்கு மேல போடறதுக்கு இன்னும் வரல. அதுக்குள்ள முதலாளி என்னைக் குழாய்ல ஏத்திட்டாரு. சர்டிபிகேட்ல எல்லாம் போட்டிருக்கே, ஏன் மாட்டேங்கறன்னாரு."

அவனே தொடர்ந்தான்.

"திங்கட்கிழமை சாயங்காலம் ஞானத்தகப்பன் என் ஜாயின்ட்டைப் பார்த்தாரு. கையால தடவிப் பார்த்துட்டு சாக்பீஸ்ல வட்டம் போட்டாரு. முதலாளிகிட்ட போய், இதை அறுத்துட்டு நான் போடறேன், அதுவரைக்கும் ஸ்டீம் விடாதீங்கன்னாரு. முதல்ல பச்சைத் தண்ணி நெரப்பி அழுத்திப் பார்க்கணும்னாரு. அதுக்கு ஒரு நாள் ஆகும்ல? ஆலையில லாரி லாரியா மிளகாய் வந்து நிக்குது, அழுகுது. முதலாளி கேட்டாரு: 'ஏன் அறுக்கணும்? சர்டிபிகேட் வாங்கின ஆள் போட்டது. அவனுக்கு வேலை தெரியாதுங்கறியா? சொல்லு, தெரியாதுன்னு சொல்லு, எழுதிக்கறேன்.' எல்லார் முன்னாடியும் கேட்டாருக்கா. சிரிச்சுக்கிட்டே கேட்டாரு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல." வெலின் கட்டுப்போட்ட கையால் முகத்தைத் துடைத்தான். "எப்படிச் சொல்லுவாரு? காலையில எனக்கு முன்னாடியே வந்து வால்வு பக்கத்துலயே நின்னாரு. சத்தம் கேட்ட உடனே எல்லாரும் ஓடினோம். அவரு மட்டும் வால்வை மூடப் போனாரு."

உள்ளே பெண்கள் யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். நெவேனா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மத்த நாலு பேரும் இப்ப எங்க வேலை செய்யறாங்க?"

"பாலர் பள்ளியில. புது பாய்லர் வைக்கிறாங்க. அடுத்த மாசம் குளிர் ஆரம்பிக்குதுல்ல."

அன்றிரவு தாயும் மகளும் மாறி மாறிப் பெட்டிக்குக் காவல் இருந்தார்கள். விடிந்ததும் நெவேனா முகம் கழுவிக் வேறு கறுப்பு உடை உடுத்திக்கொண்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். சான்றிதழ் விஷயம் அவளுக்குப் புதிதாக இருக்கவில்லை என்று நெவேனாவுக்குப் பாதியிலேயே புரிந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தேர்வுக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. கேட்டேன். சொன்னாரு." அம்மா பெட்டியின் விளிம்பில் சொட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள். "இன்னிக்கு வேண்டாம்டி. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு. நல்ல தொழில்காரன்னு நாலு பேர் சொல்லித் தூக்கிட்டுப் போகட்டும். நாளைக்கு என்ன வேணா பேசு."

"நாளைக்கு அந்த ஃபைலை மூடி அலமாரில வச்சிருப்பாங்கம்மா. இன்ஸ்பெக்டர் ஒன்பது மணிக்கு வராங்க, அப்புறம் வரமாட்டாங்க."

"உன் அப்பன்டி."

"பாலர் பள்ளில அதே நாலு பேர் பாய்லர் வைக்கிறாங்க. அறுபது பிள்ளைங்க. அவங்களுக்கும் நம்ம அப்பாதான்மா சர்டிபிகேட் வாங்கிக் குடுத்திருக்காரு."

"எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு. வீடு இருக்கு, அவர் பேரு இருக்கு. பேரையும் எடுத்துட்டுப் போய் அவனுங்க மேஜைல வைக்கப்போறியா?"

நெவேனா அம்மாவின் கன்னத்தைத் தொடப் போனாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மெழுகைச் சுரண்டினாள். கரஜோவ் விட்டுப்போன தாள் கையெழுத்தில்லாமல் ஜன்னலோரம் கிடந்தது. நெவேனா அதை எடுத்து மடித்துக்கொண்டு வெளியேறினாள்.

கம்பெனிக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் மிலுஷேவா ஐம்பது வயதுப் பெண். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். நீலக் கோப்பு அவள் முன்னால் திறந்திருந்தது. ஐந்து வெல்டர்களும் சுவரோரம் நாற்காலிகளில் வரிசையாக இருந்தார்கள். வெலின் கடைசியில் இருந்தான்.

"துக்கத்துல இருக்கிற வீட்டுலேருந்து வந்திருக்கீங்க," என்றாள் மிலுஷேவா. "உக்காருங்க. இங்க எனக்கு எல்லாம் ஒழுங்காத்தான் தெரியுது. எல்லாரும் தகுதி உள்ளவங்க. தேர்வு நடந்து ஆறு மாசம்தான் ஆச்சு."

"இவங்கள்ல இடது கைக்காரர் எத்தனை பேருன்னு கேளுங்க மேடம்."

"என்னது?"

"கேளுங்களேன்."

கரஜோவ் எழுந்தார். "மேடம், அவங்க அப்பா போய் மூணு நாள்தான் ஆச்சு, மனசு சரியில்ல..."

"நான் கேக்கறதுல உங்களுக்கு என்ன?" என்றாள் மிலுஷேவா. வரிசையைப் பார்த்துக் கேட்டாள். யாரும் கையைத் தூக்கவில்லை.

நெவேனா அருகில் போய் ஐந்து படங்களையும் கோப்பிலிருந்து உருவி மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தாள். தழும்பைக் காட்டினாள், வரிகள் சாயும் திசையைக் காட்டினாள். மிலுஷேவா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். முதல் படம், இரண்டாவது படம், ஐந்தாவது, மறுபடி முதல். அவளும் எத்தனையோ ஜாயின்ட்டைப் பார்த்தவள்தான். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"இது எல்லாம் ஒரே கை."

"ஆமா."

"யாரோட கை?"

அறையில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து பேருக்கும் தெரியும், கரஜோவுக்குத் தெரியும், கதவருகில் நின்ற பெனோவுக்குக்கூட இந்நேரம் தெரிந்திருக்கும். ஒருவர் வாயும் திறக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அப்பாவைச் சுற்றி நின்றிருந்ததும் இதே வாய்கள்தான் என்று நெவேனா நினைத்தாள். அவளுக்கு அவர்களை அறைய வேண்டும் போலிருந்தது.

"என் அப்பா. ரங்கேல் சாகரோவ்."

"எழுத்துல குடுப்பீங்களா? உங்க அப்பா மேலயும் குற்றம் பதிவாகும். அவர் பேருலதான் ஆரம்பிக்கும். யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சுட்டேன். அவர் செஞ்சது தப்பு. அதையும் எழுதிக்கங்க. இவரு முன்னாடியே நின்னு செய்ய வச்சாரு, அதையும் எழுதுங்க. திங்கட்கிழமை ஸ்டீம் விடாதீங்கன்னு அப்பா சொன்னாரு, அதையும் எழுதுங்க. அப்புறம் இவங்களுக்கு ஆளுக்கு ஒரு குழாய்த் துண்டு குடுங்க. இங்கயே, உங்க கண் முன்னாடி. முகக்கவசத்தை மட்டும் நீங்க பார்த்துப் போட்டுவிடுங்க."

"இதெல்லாம் பைத்தியக்காரத்தனம்," என்றார் கரஜோவ். "சர்டிபிகேட் இருக்கிறவனைத் திரும்பச் சோதிக்க யாருக்கும்..."

"என்னால முடியாது மேடம்," என்றான் வெலின்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் எழுந்து நின்றிருந்தான். கட்டில்லாத இடது கையால் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தான்.

"துண்டு குடுக்க வேண்டாம். கை நல்லா இருந்தாலும் எனக்குத் தலைக்கு மேல போட வராது. அந்த ஜாயின்ட் நான் போட்டது. அதுல வட்டம் போட்டது அவரு. எங்க எழுதணும்?"

மற்ற நான்கு பேரும் அவனைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. ஒருவன் எழுந்து நெவேனாவை இடித்துக்கொண்டே வெளியே போனான். "எங்க வீட்ல அடுப்பு எரியறது பிடிக்கல இவளுக்கு. செத்த அப்பனையே வித்துட்டா," என்று படியில் நின்று கத்தினான். மிலுஷேவா தொலைபேசியை எடுத்துப் பாலர் பள்ளியில் வேலையை நிறுத்தச் சொன்னாள்.

அடக்கம் ஒரு மணிக்கு. பாதிரியார் வந்து தூபம் காட்டி முடித்துவிட்டார். முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆனால் பெட்டிக்கு நெருக்கமாக யாரும் வரவில்லை. செய்தி மூன்று மணி நேரத்தில் ஊரைச் சுற்றி வந்திருந்தது. வாசலில் ஒட்டிய தாளைப் படிப்பதுபோல் சிலர் முதுகைக் காட்டி நின்றார்கள். அவித்த கோதுமையை வாங்கிய சிலர் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தார்கள்.

பெட்டிக்கு நான்கு கைப்பிடி. ரத்த உறவு தூக்குவதில்லை. ஒருவனை அவன் கூட்டாளிகள்தான் கடைசியாகச் சுமக்க வேண்டும், அதுதான் அவனுக்கு மரியாதை. அதற்காகவே வெள்ளைத் துவாலைகளை அம்மா காலையில் மடித்து வைத்திருந்தாள், தூக்குகிறவர்கள் தோளில் கட்ட. கம்பெனி ஆட்கள் நான்கு பேரும் வரவில்லை. வெலின் மட்டும் வந்து, யாரையும் கேட்காமல் ஒரு துவாலையைக் கட்டிக்கொண்டு முன்பக்க இடது மூலையில் நின்றான். பெனோ காவலாளி உடுப்போடு வந்து பின்னால் நின்றார். இங்கே வந்து நின்றதற்கே அவருக்கு வேலை போகலாம்.

இரண்டு மூலை காலியாக இருந்தது. பாதிரியார் புத்தகத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். ஆண்கள் சிகரெட்டை இழுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நெவேனா நடந்துபோய் பின்பக்க மூலையில் பெனோவுக்கு எதிரில் நின்று கைப்பிடியைப் பிடித்தாள்.

"பொண்ணு தூக்கக் கூடாதுடி," என்று பின்னாலிருந்து ஒரு கிழவி சொன்னாள். "அதுவும் சொந்த ரத்தம்."

"அப்போ நீங்க வாங்க பாட்டி," என்றாள் நெவேனா. யாரும் சிரிக்கவில்லை. யாரும் வரவும் இல்லை.

வாசற்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். விடிகாலைப் பேச்சுக்குப் பிறகு மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது முழங்காலில் கைகளை ஊன்றி எழுந்தாள். மடித்திருந்த துவாலைகளில் ஒன்றை எடுத்தாள். அதைத் தோளில் கட்டிக்கொள்ளத் தெரியாமல் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டத்தைப் பார்க்காமல் நடந்து வந்து காலியாக இருந்த முன்மூலையில், வெலினுக்கு எதிரில் குனிந்தாள்.

"ம்," என்றாள்.

நான்கு பேரும் தூக்கினார்கள். அம்மா குள்ளம். பெட்டி முன்பக்கம் அவளை நோக்கிச் சாய்ந்தது. வெலின் ஒரு கணம் தடுமாறினான், பிறகு முழங்காலை மடக்கித் தன் பக்கத்தையும் அவள் உயரத்துக்கு இறக்கிக்கொண்டான். கல்லறைவரை தெரு முழுக்க அப்படியே, பாதி உட்கார்ந்த மாதிரி நடந்தான்.